பதினாறு மில்லிகிராம்

கால்சியம் ஃபுளோரைடு தண்ணீரில் கரையாது என்று பள்ளி வேதியியல் புத்தகம் சொல்லும். தேர்வுக்கு அது போதும். உண்மையில் ஒரு லிட்டர் தூய நீரில், சாதாரண வெப்பத்தில், 16 மில்லிகிராம் வாக்கில் அது கரைகிறது. அதே லிட்டரில் சமையல் உப்பு 350 கிராமுக்கு மேல் கரையும் என்பதை நினைத்தால், கரையாதது என்று எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த 16 மில்லிகிராமில் ஏறத்தாழப் பாதி, அதாவது 8 மில்லிகிராம், ஃபுளோரைடு. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. மலேசியாவில், சிரம்பானின் லோபாக்கில் எங்கள் வீட்டுக் குழாய்க்கு வரும் தண்ணீரில் அரை மில்லிகிராம் இருக்குமாறு வேண்டுமென்றே சேர்த்து அனுப்புகிறார்கள். என் அப்பாயி பிறந்த தர்மபுரிப் பக்கத்தில் எத்தனையோ கிணறுகளில் இயற்கையே அதைப் போல ஐந்து மடங்கு, எட்டு மடங்கு சேர்த்து வைத்திருக்கிறது.

கரையாதது என்று ஒதுக்கிவிட்ட இந்தச் சொற்பக் கரைசல்தான் என்னைப் பல ஆண்டுகளாகப் பிடித்து வைத்திருக்கிறது. எஃகு உலை, கேமரா, பற்பசை, எலும்பு என்று எங்கே தொட்டாலும் கால்சியமும் ஃபுளோரினும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பிடியும், அது கொஞ்சமே கொஞ்சம் நழுவுவதும்தான் கதையாக இருக்கிறது.

முதலில் கல். பூமிக்குள் இது ஃபுளோரைட் என்ற படிகமாக, பெரும்பாலும் கனசதுரக் கட்டிகளாகக் கிடைக்கிறது. வணிகத்தில் ஃபுளோர்ஸ்பார் என்பார்கள். தூய நிலையில் கண்ணாடி போல் நிறமற்றது. சிறு கலப்புகளும், கதிர்வீச்சு பட்டு உள்ளே ஏற்பட்ட குறைகளும் ஊதா, பச்சை, மஞ்சள், நீலம் என்று நிறம் ஏற்றிவிடும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் 4 என்ற எண்ணுக்கு உரிய கல்லே இதுதான். கத்தி முனையால் கீறலாம். தட்டினால் கண்டபடி உடையாது. மூலைகள் ஒழுங்காகப் பெயர்ந்து, எட்டு முகம் கொண்ட துண்டாக வரும். உள்ளே ஒவ்வொரு கால்சியத்தையும் எட்டு ஃபுளோரைடுகள் சூழ்ந்திருக்கின்றன. ஒவ்வொரு ஃபுளோரைடையும் நான்கு கால்சியங்கள் சூழ்ந்திருக்கின்றன. ஃபுளோரைடு மிகச் சிறியது, கால்சியத்துக்கு இரட்டை மின்னேற்றம். ஆகவே நெருக்கம் அதிகம். 1418 பாகை செல்சியஸ் வரை சூடேற்றினால்தான் உருகும். தண்ணீருக்கு அது எளிதில் மசியாததற்கும் இந்த நெருக்கமே காரணம்.

புறஊதா ஒளி பட்டால் சில ஃபுளோரைட் கற்கள் நீலமாக மிளிரும். 1852இல் ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர் இந்த ஒளிர்வுக்கு ஃபுளோரசென்ஸ் என்று பெயர் வைத்ததே இந்தக் கல்லை வைத்துத்தான். நம் வீட்டுக் குழல் விளக்கின் ஆங்கிலப் பெயருக்கும் மூலம் அதுதான். மலேசியாவில் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயத்தோடு ஒட்டிக்கொண்டு ஃபுளோரைட் கிடைத்திருக்கிறது. நம் பேச்சில் ஈயம் என்றால் வெள்ளீயம். தொழிலாகப் பேரளவில் வெட்டி எடுப்பதில் சீனாதான் முதலிடம். உலக உற்பத்தியில் பாதிக்கு மேல் அங்கிருந்து வருகிறது.

மனிதர் இதை முதலில் பயன்படுத்தியது உலையில். உருக்கும்போது ஒரு பிடி இந்தக் கல்லைப் போட்டால் கசடு இளகி ஓடும் என்பதைச் சுரங்கத் தொழிலாளர் கண்டிருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஜார்ஜ் அக்ரிகோலா அதை எழுதி வைத்தார். ஓடுதல் என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்துதான் ஃபுளோர் என்ற பெயர். இன்றும் எஃகு ஆலைகளில் இந்த வேலை நடக்கிறது. சிரம்பான் பக்கத்துச் செனாவாங் தொழிற்பேட்டையில் வெல்டிங் வேலை பார்த்தவர்களுக்கு 7018 என்ற குச்சி தெரிந்திருக்கும். அதை அடுப்பில் உலர்த்திச் சூடாக வைத்திருந்துதான் எடுப்பார்கள். அதன் மேல்பூச்சில் சுண்ணாம்புக் கல்லும் ஃபுளோர்ஸ்பாரும் இருக்கின்றன. பற்றவைக்கும்போது கசடை இளக்கி மேலே கொண்டுவந்து, பற்றில் ஹைட்ரஜன் தங்காமல் காப்பது அந்தப் பூச்சு. ஹைட்ரஜன் தங்கினால் ஆறிய பிறகு எஃகு வெடித்துப் பிளக்கும். குச்சியைச் சூடாக வைத்திருப்பதும் ஈரத்தின் வழியே அந்த ஹைட்ரஜன் நுழையாமல் இருக்கத்தான். மலேசிய ரப்பர்த் தோட்டத்து வீடுகளில் இருந்த நீலக்கரை போட்ட இனாமல் மங்குகள் பலருக்கு நினைவிருக்கும். இனாமல் பூச்சுக்கான கண்ணாடிக் கலவையிலும் இந்தக் கல்லைச் சேர்ப்பது வழக்கம்.

இன்று உலகம் வெட்டி எடுக்கும் ஃபுளோர்ஸ்பாரில் பெரும்பகுதி கல்லாக நிலைப்பதில்லை, அமிலமாகிறது. நூற்றுக்கு 97 பங்கு தூய்மையான கல்லைப் பொடித்து, கந்தக அமிலத்தோடு சூடாக்கினால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஆவியாக வெளிவரும். ஜிப்சம் போன்ற கால்சியம் சல்பேட் மிஞ்சும். ஒரு டன் ஹைட்ரஜன் ஃபுளோரைடுக்கு இரண்டு டன்னுக்கு மேல் கல் வேண்டும். குளிரூட்டியில் ஓடும் வாயு, ஒட்டாத வாணலியின் பூச்சு, அலுமினியம் உருக்கத் தேவையான உப்புகள், சில மருந்துகள் என்று ஃபுளோரின் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கே பின்னோக்கிப் போனால் பெரும்பாலும் ஒரு ஃபுளோர்ஸ்பார் சுரங்கத்தில் போய் நிற்கும். ஃபுளோரினைத் தனியே பிரிக்க முயன்று நஞ்சேறி நலிந்தவர்களும் உயிர்விட்டவர்களும் உண்டு. 1886இல் ஆன்ரி மொய்சான் பாரிசில் அதைச் சாதித்தார். 1906இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அமிலத்தின் தனிக்குணம் கண்ணாடியைத் தின்பது. கண்ணாடி சிலிக்கன் ஆக்சைடு. கணினிச் சில்லுகளின் மேல் படியும் மெல்லிய படலமும் அதுவே. ஆகவே சில்லு செய்யும் ஆலைகளில் இந்த அமிலம் இல்லாமல் வேலை ஓடாது. உடம்பின் மேல் பட்டால் அது செய்வதையும் சொல்ல வேண்டும். மற்ற அமிலங்கள் பட்ட இடத்திலேயே சுடும், உடனே கையை உதறுவோம். இது நீர்த்த நிலையில் முதலில் வலிக்காமல் தோலுக்குள் இறங்கும். உள்ளே போனதும் ஃபுளோரைடு தேடுவது கால்சியத்தை. தசையிலும் இரத்தத்திலும் இருக்கும் கால்சியத்தைப் பற்றிக் கரையாத கால்சியம் ஃபுளோரைடாக இறக்கிவிடும். இதயம் ஒழுங்காகத் துடிக்க இரத்தத்தில் கால்சியம் வேண்டும். அது திடீரென்று குறைந்தால் உயிரே போகலாம். 2012 செப்டம்பரில் தென்கொரியாவின் குமி நகரில் ஓர் ஆலையில் இந்த அமிலம் கசிந்து ஐந்து பேர் இறந்தார்கள். இதற்கான முதலுதவிப் பசை கால்சியம் குளுக்கோனேட். ஃபுளோரைடு நம் கால்சியத்தைத் தேடி எலும்பு வரை போவதற்கு முன்னால், தோலின் மேலேயே வேறு கால்சியத்தைக் கொடுத்துப் பிடித்துவைக்கிற ஏற்பாடு. இந்த அமிலத்தோடு வேலை செய்கிறவர்கள், தண்ணீரில் கழுவிய கையோடு பூச அந்தப் பசை எங்கே இருக்கிறது என்று முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் பலர் இப்போது அத்தகைய ஆலைகளில் இரவு வேலை பார்க்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆலையின் கழிவுநீரிலும் அதே தந்திரம்தான். சுண்ணாம்பு நீரைக் கலக்கினால் ஃபுளோரைடு முழுவதும் வெண்மையான கால்சியம் ஃபுளோரைடு சேறாக அடியில் தங்கும். சுரங்கத்திலிருந்து கல்லாகப் புறப்பட்டது, உலகம் சுற்றி, சில்லைச் செதுக்கிவிட்டு, மறுபடியும் அதே கல்லின் பொடியாகத் தொட்டியடியில் வந்து படிகிறது. முழுவதும் என்றேனே, அது சரியில்லை. கரைந்து நிற்கும் அந்த மிச்சம் இங்கேயும் நிற்கும். சுண்ணாம்பு மட்டும் போட்டால் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அருகில் போய் முட்டிக்கொள்ளும். அதற்குக் கீழே இறக்க வேறு வழி பார்க்க வேண்டும்.

ஒளி விஷயத்தில் இந்தக் கல்லின் குணம் வேறு முகம் காட்டுகிறது. சாதாரணக் கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வோர் அளவு வளைக்கும். அதனால் உருவத்தின் ஓரத்தில் ஊதாவும் சிவப்பும் பிசிறடிக்கும். ஃபுளோரைட் நிறங்களை மிகக் குறைவாகவே பிரிக்கிறது. 1880களில் எர்ன்ஸ்ட் அபே சுவிட்சர்லாந்து மலையில் கிடைத்த தெளிந்த ஃபுளோரைட்டைக் கொண்டு நுண்ணோக்கி வில்லைகள் செய்தார். இயற்கையில் பெரிய தெளிந்த படிகம் அரிது. 1960களில் ஜப்பானின் கேனன் நிறுவனம் செயற்கையாகப் படிகம் வளர்க்கக் கற்றுக்கொண்டு, 1969இல் ஃபுளோரைட் வில்லையோடு கேமரா லென்ஸை விற்றது. புறஊதாவிலிருந்து அகச்சிவப்பு வரை வெகு தூரம் ஒளியை விடுவதால், சில்லு அச்சடிக்கும் 193 நானோமீட்டர் லேசர் இயந்திரங்களுக்குள்ளும் இந்தப் படிகம் இருக்கிறது.

இந்த வில்லைகளை நேரில் பார்க்க வேண்டுமென்றால் மார்ச் மாதம் தஞ்சோங் துவானுக்குப் போகலாம். போர்ட்டிக்சனை ஒட்டியிருந்தாலும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தமான காட்டு முனை அது. சுமத்திராவில் குளிர்காலத்தைக் கழித்த தேன்பருந்துகள் நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் வழி. கலங்கரை விளக்கத்தருகே வெள்ளை நிற நீண்ட லென்ஸ்களோடு ஆட்கள் காத்திருப்பார்கள். வெள்ளை அடிப்பதற்கும் காரணம் உண்டு. சூடு பட்டால் ஃபுளோரைட் கண்ணாடியைவிட அதிகம் விரியும். வில்லை விரிந்தால் குவியம் நகரும். வெயிலைத் திருப்பி அனுப்ப வெள்ளை உறை. எங்கள் பத்து மணி வெயிலில் அந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்.

இனித் தண்ணீர். நான் நின்று பேச விரும்புகிற இடம் இது.

அப்பாயிக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டு. அவர் பற்களில் இருந்த பழுப்புப் பட்டைகளை வெற்றிலைக் கறை என்றே வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம். வயதான காலத்தில் ஒரு பல்லைப் பிடுங்கக் கூட்டிக்கொண்டு போனபோது, பல் மருத்துவர் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது மேலே ஒட்டின கறையில்லை, பல்லோடு சேர்ந்தே வந்தது. பாட்டி, நீங்க எந்த ஊருல பொறந்தீங்க?" என்று கேட்டார். அப்பாயி தயங்காமல் சேலம் ஜில்லா என்றார். தர்மபுரி அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. தனி மாவட்டமானது 1965இல்தான். கங்காணி பேச்சைக் கேட்டுக் குடும்பத்தோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, சிரம்பானுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு வந்தபோது அவருக்குப் பதினோரு வயது என்று வீட்டில் சொல்வார்கள். 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்துவதற்கு முந்தைய ஆண்டுகள் அவை.

மருத்துவர் ஊரைக் கேட்டதற்குக் காரணம் பல்லின் வளர்ச்சியில் இருக்கிறது. நிரந்தரப் பற்களின் மேல்பூச்சான எனாமல் ஈறுக்குள் உருவாவது குழந்தைப் பருவத்தில். எட்டு வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும், கடைசிக் கடைவாய்ப் பல் நீங்கலாக. அந்த ஆண்டுகளில் குடித்த தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தால் எனாமல் சரியாக இறுகாமல் சுண்ணாம்புத் திட்டுகளோடு முளைக்கும். பிறகு அந்தத் திட்டுகளில் பழுப்பேறும். எட்டு வயதுக்குப் பிறகு எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தாலும் அந்தப் பற்கள் மாறப் போவதில்லை. அப்பாயி அறுபது ஆண்டுகளுக்கு மேல் மலாயாத் தண்ணீர் குடித்தவர். வாயில் மட்டும் தர்மபுரிக் கிணறு இருந்தது.

அவர் கப்பலேறிய காலத்தில்தான் இந்த நோய்க்கு இந்தியாவில் பெயரே கிடைத்தது. 1937இல் ஷார்ட் என்ற மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் சென்னை மாகாணத்தின் அன்றைய நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களில் ஃபுளோரைடு நோயைப் பற்றி எழுதினார்கள். பல்லில் கறையோடு நிற்காமல், பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு முதுகெலும்பு விறைத்து, மூட்டுகளின் தசைநார்களில் சுண்ணாம்பு ஏறி, குனிய நிமிர முடியாமல் போனதை அவர்கள் கண்டார்கள். எலும்பு நோய்க்குப் பல ஆண்டுகள் தேவை. பதினோரு வயதில் ஊரைவிட்டு வந்ததால் அப்பாயிக்கு இடுப்பு பிழைத்தது. அங்கேயே தங்கிவிட்ட அவர் தம்பி கடைசிக் காலத்தில் தலையைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்போடு திரும்புவார்.

ஏன் தர்மபுரி? ஏன் சிரம்பான் இல்லை? இரண்டு இடத்திலும் அடியில் கிரானைட்டும் அதன் உறவுக் கற்களும்தான். நெகிரி செம்பிலானின் மலைகள் தீத்திவங்சா மலைத்தொடரின் தெற்கு வால். கிரானைட்டில் கருமைக்கா, அப்பட்டைட், ஃபுளோரைட் என்று ஃபுளோரின் கொண்ட கனிமங்கள் சிறிதளவு இருக்கும். எனவே கல்லில் குறை சொல்ல முடியாது. வித்தியாசம் மழையிலும் காலத்திலும் இருக்கிறது.

சிரம்பானில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டர் வாக்கில் மழை. கல் எதைக் கரைத்துக் கொடுத்தாலும் ஓடை அதை உடனே அள்ளிக்கொண்டு லிங்கி ஆற்றில் சேர்த்துவிடும். நாம் குடிப்பதும் பெரும்பாலும் ஆற்றுநீர், அணைநீர். சுங்கை தெரிப் அணையில் நிற்பது அண்மையில் பெய்த மழை. கல்லோடு பேச அதற்கு நேரம் கிடைத்திருக்காது. தர்மபுரியில் மழை அதில் பாதிக்கும் குறைவு. ஆழத்தில் கல்லிடுக்குகளில் நீர் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடக்கிறது. மேலே வெயில் நீரை உறிஞ்சி எடுக்க எடுக்க, மிஞ்சியதில் உப்புகள் கெட்டியாகின்றன.

இங்கேதான் அந்தப் பிடி நழுவுகிறது. நீரில் ஏற்கெனவே கால்சியம் நிறைய இருந்தால், ஃபுளோரைடு கூடக்கூட இரண்டும் சேர்ந்து கல்லாகி விலகிவிடும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கால்சியம் உள்ள நீரில் ஃபுளோரைடு 2, 3 மில்லிகிராமுக்கு மேல் ஏறுவது கடினம். வறண்ட கிரானைட் நிலத்தில் நடப்பது வேறு. கல் மெல்லச் சிதையும்போது நீரில் சோடியமும் பைகார்பனேட்டும் சேர்கின்றன. அந்தப் பைகார்பனேட் கால்சியத்தைப் பிடித்து மண்ணுக்குள் சுக்கான் கல்லாகப் படியவைத்துவிடுகிறது. அந்தப் பக்கத்து வயல்களைத் தோண்டியவர்களுக்கு அந்த வெள்ளை உருண்டைகள் தெரியும். கால்சியம் வெளியேறிய நீரில் ஃபுளோரைடைக் கட்டிப்போட ஆளில்லை. அது கரைந்துகொண்டே போகும். நாக்குக்கு மென்மையாக, சோப்பு நன்றாக நுரைக்கிற தண்ணீர்தான் பல சமயம் ஆபத்தான தண்ணீர். ஊரில் நல்ல தண்ணீர் என்று பெயரெடுத்த கிணறு நோய்க் கிணறாக இருந்திருக்கிறது. நிறம், மணம், சுவை ஒன்றும் காட்டிக்கொடுக்காது.

அப்படியானால் வெற்றிலைச் சுண்ணாம்பைப் போல் கொஞ்சம் சுண்ணாம்பைக் குடத்தில் போட்டால் தீராதா என்று நான் ஒருகாலத்தில் நினைத்ததுண்டு. ஆலைக் கழிவுநீருக்குச் சரியாக வரும் அந்த வழி இங்கே தோற்கும். கால்சியம் ஃபுளோரைடே லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஃபுளோரைடை விட்டுக்கொடுக்கிற பொருள். 4 மில்லிகிராம் உள்ள கிணற்று நீரில் சிறிது சுண்ணாம்பு போட்டு அதை எப்படி இறக்குவது? நிறையப் போட்டால் தண்ணீர் வாயில் வைக்க முடியாத காரமாகிவிடும். ஆகவே நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் வகுத்த நல்கொண்டா முறையில் முக்கிய வேலை படிகாரத்துக்கு. சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் துணை. படிகாரத்தில் உள்ள அலுமினியம் தண்ணீரில் பஞ்சுபோல் திரண்டு ஃபுளோரைடை இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். ஆனால் நாள்தோறும் அளவு பார்த்துக் கலக்க வேண்டும், சேற்றை அப்புறப்படுத்த வேண்டும். ஒரு வீட்டுப் பெண் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுகிற வழி அது என்பதால், வேறு நீரைக் கொண்டுவருவதே சரி என்பது என் எண்ணம்.

அந்த வழிதான் கடைசியில் எடுக்கப்பட்டது. ஒகேனக்கல்லில் காவிரியிலிருந்து நீர் எடுத்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொடுக்கும் திட்டம், ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு, 1900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில், 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்பு என்ற சொற்கள் இருப்பது, அங்குள்ளவர்கள் எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்பதைக் காட்டுகிறது.

இந்தப் பக்கம் நிலைமை தலைகீழ். மலேசிய ஆற்று நீரில் ஃபுளோரைடு மிகக் குறைவு. அதுவும் பல்லுக்கு நல்லதில்லை என்பது மெல்லத்தான் தெரியவந்தது. 1901இல் அமெரிக்காவின் கொலராடோவில் பிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் ஊராரின் பழுப்புப் பற்களைக் கண்டு வியந்து, அவை அசிங்கமாக இருந்தாலும் சொத்தையாவதில்லை என்பதைப் பின்னர் கவனித்தார். அப்பாயியின் பற்களும் அப்படித்தான். காரணம் ஃபுளோரைடு என்பது 1931இல் தெரிந்தது. கறை விழாமல் சொத்தையை மட்டும் தடுக்கும் சிறு அளவு ஒன்று உண்டு என்று கண்டு, 1945இல் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் குழாய் நீரில் ஃபுளோரைடு சேர்த்தது. இங்கே 1957இல் ஜொகூர் பாருவில் தொடங்கி, 1972இலிருந்து நாடளாவிய திட்டமாயிற்று. முதலில் 0.7 மில்லிகிராம். பற்பசையிலும் ஃபுளோரைடு வந்துவிட்டதால், 2005இல் 0.5ஆகக் குறைத்தார்கள். ஒரே குடும்பத்தில், அப்பாயிக்கு மிகுதியால் வந்த குறையும், பேரப்பிள்ளைகளுக்குக் குறைவை நிரப்பும் அரை மில்லிகிராமும்.

திட்டம் நாடளாவியது என்றாலும் குழாய் எங்கே போயிற்றோ அங்கேதான் ஃபுளோரைடு போயிற்று. பல தோட்டங்களில் வெகுகாலம் ஓடைத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்தான். நகரத்துப் பிள்ளைக்குத் தண்ணீரோடு வந்த காப்பு, லயத்து வீட்டுப் பிள்ளைக்கு வர ஆண்டுகள் பிடித்தன. பள்ளிக்கு வந்த பல் தாதியர்தான் அங்கே துணை. அவர்களுக்கான பயிற்சிப் பள்ளி பினாங்கில் 1949இலேயே தொடங்கியிருந்தது.

குழாயில் சேர்ப்பது கால்சியம் ஃபுளோரைடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல் மலிவுதான், ஆனால் கரையத் தாமதிக்கும். இங்கே பெரும்பாலும் சோடியம் சிலிக்கோ ஃபுளோரைடு என்ற பொடி. அதன் பிறப்பு உரத்தில். பாஸ்பேட் பாறையின் முக்கியக் கனிமமான ஃபுளோரப்பட்டைட்டில் நூற்றுக்கு 4 பங்குக்குச் சற்றுக் குறைவாக ஃபுளோரின் இருக்கிறது. பாறையை அமிலத்தில் போட்டு உரமாக்கும்போது எழும் வாயுவைப் பிடித்து இந்தப் பொடியைச் செய்கிறார்கள். கிறிஸ்துமஸ் தீவிலிருந்து வந்த பாஸ்பேட் பொடியைத் தோட்டத்தில் பால்மரங்களுக்கும் பிறகு செம்பனைக்கும் வாளியில் சுமந்து வீசிய கைகள் நம் கைகள். அதே சோடியம் சிலிக்கோ ஃபுளோரைடுக்கு ரப்பரிலும் ஒரு வேலை உண்டு. டன்லப் முறையில் மெத்தை செய்யும்போது, நுரைக்க அடித்த ரப்பர் பாலை உறையவைப்பது அதுதான். காலையில் மங்கு துடைத்து இறக்கிய பாலும், அந்த மரத்தடியில் வீசிய பாஸ்பேட்டின் உறவுப் பொருளும் ஏதோ ஓர் ஆலையில் சந்தித்திருக்கும்.

பல்லில் ஃபுளோரைடு என்ன செய்கிறது? எனாமல் என்பது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். இனிப்புத் தின்ற பிறகு வாய்க் கிருமிகள் உண்டாக்கும் அமிலம் அதைக் கரைக்கும். எச்சிலில் கொஞ்சம் ஃபுளோரைடு இருந்தால், கரைந்த இடத்தில் திரும்பப் படியும் படிகம் முன்னதைவிட அமிலத்துக்கு உறுதியாக நிற்கும். பல் மருத்துவர் பூசும் அடர்த்தியான ஃபுளோரைடு வார்னிஷில் நடப்பது இன்னும் நேரடியானது. ஃபுளோரைடு எச்சிலின் கால்சியத்தைப் பற்றி, பல்லின் மேல் நுண்ணிய கால்சியம் ஃபுளோரைடு உருண்டைகளாகப் படிகிறது. எச்சிலின் புரதமும் பாஸ்பேட்டும் அவற்றின் மேல் போர்வையாகும். வாயில் அமிலம் ஏறும்போது உருண்டை கொஞ்சம் கரைந்து ஃபுளோரைடை விடுகிறது; அமிலம் இறங்கினால் கரைவது நின்றுவிடுகிறது. உப்பைப் போல் கரைந்திருந்தால் முதல் வாய்க் கொப்பளிப்பிலேயே போயிருக்கும். முற்றாகக் கரையாததாக இருந்திருந்தால் ஒட்டியிருந்தும் பயனில்லை.

பற்பசை செய்தவர்களுக்கு இதே பிடி தலைவலியாக இருந்தது. பழைய பற்பசைகளில் தேய்ப்பதற்குச் சுண்ணாம்புத் தூள். அதில் சோடியம் ஃபுளோரைடைச் சேர்த்தால் குழாய்க்குள்ளேயே கால்சியம் ஃபுளோரைடாகி, பல்லுக்கு வரும்போது ஒன்றும் மிஞ்சாது. வழி இரண்டு. சுண்ணாம்புக்குப் பதிலாக மணல் குடும்பத்துச் சிலிக்காவைச் சேர்க்கலாம். அல்லது ஃபுளோரைடைப் பாஸ்பேட்டோடு பிணைத்து மறைத்துக் கொடுக்கலாம். அதுதான் சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட். வீட்டில் இருக்கும் பற்பசைக் குழாயின் பின்புறம் படித்துப் பார்த்தால், கால்சியம் கார்பனேட் இருக்கும் பசையில் இந்த நீளப் பெயரைக் காணலாம். சிறு பிள்ளைகளுக்கு அரிசிமணி அளவு போதும். விழுங்கினால் அந்த வயதில் எனாமலில் கறை விழ வாய்ப்பு உண்டு.

நம் வீடுகளில் குடிநீரைக் கொதிக்கவைப்பது பழக்கம். கிருமிக்கு அது சரி. ஃபுளோரைடு ஆவியாகாது. நீர் வற்ற வற்ற அதன் அளவு கூடும். இங்கே அரை மில்லிகிராம் கொஞ்சம் ஏறினால் கேடில்லை. தர்மபுரியில் அப்படி இல்லை. சென்ற முறை உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் தனிக் குடத்தில் இருந்தது. உலை வைக்கவும் குழம்புக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர். சோறு வேகும்போது அந்த நீரைக் குடித்துக்கொண்டுதானே வேகிறது என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். அவள் குடத்தைப் பார்த்தாள். "குழா தெனம் வந்தா இதுலயே ஆக்கிருவேன் அத்தே" என்றாள்.